வட்டிக் கணக்கில் மீண்ட குடும்பங்கள்: உத்சுனோமியா கென்ஜியும் ஜப்பானின் ‘சரகின்’ கோப்புகளும்

கம்பெனிக் கணக்குப்படி இன்னும் 3,54,000 யென் பாக்கி. சட்டக் கணக்குப்படி பாக்கி எதுவும் இல்லை. கம்பெனிதான் 1,46,000 யென் திருப்பித் தர வேண்டும். கடன் ஒன்றுதான், கட்டிய தவணைகளும் அதே 69தான். வட்டி விகிதம் மட்டும் வேறு.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானியக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் நசுங்கின. கோப்பு கோப்பாகக் கணக்குப் போட்டு அவர்களை வெளியே கொண்டுவந்த வழக்கறிஞர்களில் முன்வரிசையில் நிற்கும் பெயர் உத்சுனோமியா கென்ஜி. அவருடைய வேலை எப்படி நடந்தது, ஒரு கோப்பு எந்தெந்தப் படிகளைக் கடந்தது, எங்கே சறுக்கியது, கடைசியில் அந்தக் கோப்புகளெல்லாம் சேர்ந்து சட்டத்தையே எப்படி மாற்றின என்பதுதான் இந்த ஆய்வு. இதில் வரும் குடும்பம் கணக்கை விளக்குவதற்காக அமைத்த மாதிரி. அதற்குப் பயன்படுத்திய வட்டி விகிதங்களும் விதிகளும் அன்று நடைமுறையில் இருந்தவை.

இரண்டு சட்டங்கள், நடுவில் ஒரு சாம்பல் நிலம்

‘சரகின்’ என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு ஈடு இல்லாமல் பணம் கொடுத்த கம்பெனிகளுக்கு மக்கள் வைத்த பெயர். ‘சரரீமன்’ என்ற சம்பளக்காரரின் முதல் பாதியும், பணத்தைக் குறிக்கும் ‘கின்’ என்ற சொல்லும் சேர்ந்தது. சொத்து ஏதும் கேட்க மாட்டார்கள். வேலை இருக்கிறது என்ற அத்தாட்சி போதும். 1993-இல் ஆளில்லாக் கடன் இயந்திரம் வந்த பிறகு அலுவலர் முகத்தைப் பார்க்கும் கூச்சமும் போனது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை. உள்ளே போய் ஓட்டுநர் உரிமத்தை வைத்தால் கொஞ்ச நேரத்தில் கடன் அட்டை கையில்.

ஜப்பானில் வட்டிக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. 1954-இன் வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1 லட்சம் யென்னுக்குக் குறைந்த கடனுக்கு ஆண்டுக்கு 20 சதவீதம், 1 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள் 18 சதவீதம், 10 லட்சமும் அதற்கு மேலும் 15 சதவீதம். அதைத் தாண்டி எழுதிய வட்டி செல்லாது. ஆனால் தாண்டினால் தண்டனை கிடையாது. தண்டனை வேறொரு சட்டத்தில் இருந்தது. அதன் வரம்போ 109.5 சதவீதம். அது 1983-இல் 73, 1986-இல் 54.75, 1991-இல் 40.004, 2000-இல் 29.2 என்று படிப்படியாக இறங்கியது. செல்லாத வட்டிக்கும் சிறைக்கு அனுப்பும் வட்டிக்கும் இடையில் கிடந்த இந்த வெளியைத்தான் ‘சாம்பல் நிற வட்டி’ என்றார்கள். கம்பெனிகள் அத்தனையும் அங்கேதான் கடை விரித்தன.

உச்ச நீதிமன்றம் 1964-இலும் 1968-இலும் தெளிவாகவே சொல்லியிருந்தது: வரம்புக்கு மேல் கட்டிய வட்டியை அசலில் கழிக்க வேண்டும்; அசல் தீர்ந்த பிறகும் கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்கலாம். 1983-இல் வந்த கடன் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வசூல் அடாவடியைக் கட்டுப்படுத்தியது. அதே கையால் 43-ஆம் பிரிவில் ஒரு பின்வாசலையும் திறந்துவிட்டது. ஒப்பந்தமும் ரசீதும் விதிப்படி கொடுத்திருந்து, கடனாளி ‘தன் விருப்பத்தோடு’ கட்டியிருந்தால், கூடுதல் வட்டியும் செல்லும். இந்த ‘தன் விருப்பத்தோடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் சண்டை நடந்தது.

யாரும் தொடாத வழக்குகள்

உத்சுனோமியா 1946-இல் எஹிமே மாகாணத்தில் பிறந்தவர். தந்தை போரில் காலில் காயம்பட்டுத் திரும்பியவர். குடும்பம் பிழைப்புக்காகக் கடல் தாண்டி ஓயிட்டா மாகாணத்தின் குனிசாகி தீபகற்பத்துக்குப் போய், காட்டைத் திருத்தி விவசாயம் செய்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதே தேர்வில் தேறி, 1971-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார்.

அவரிடம் வேலை குறைவு. சொந்தக் கட்சிக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியம் இல்லாமல் நெடுநாள் பிறரிடம் இளநிலை வழக்கறிஞராகவே இருந்தார். 1970-களின் பிற்பகுதியில் வழக்கறிஞர் சங்க அலுவலகத்துக்குக் கடனாளிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களை எந்த வழக்கறிஞரும் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டணம் கட்டக் கையில் காசு இல்லாதவர்கள். போதாக்குறைக்கு வசூல்காரர்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கே போன் போட்டு மிரட்டுவார்கள். வேலை இல்லாமல் இருக்கும் உத்சுனோமியாவிடம் அனுப்பலாம் என்று சங்க ஊழியர்கள் அனுப்பி வைத்தார்கள். வழிகாட்ட நூலும் இல்லை, முன்மாதிரிக் கோப்பும் இல்லை. வந்தவர்களின் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டார். அலுவலக முதலாளிகளுக்கு இந்தக் கட்சிக்காரர்கள் பிடிக்கவில்லை. அவர் தனியாக வெளியே வர வேண்டியதாயிற்று.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடனாளிக்கு உதவுவது அன்று கௌரவமான வேலையாக எண்ணப்படவில்லை. நம் பக்கம் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் குரல் எப்படித் தாழுமோ, ‘ஹசான்’ என்ற திவால் சொல்லுக்கும் ஜப்பானில் அதே தாழ்ந்த குரல்தான். ஊதாரி, சூதாடி, நாணயம் கெட்டவன். ஆனால் கோப்பைத் திறந்தால் தெரிவது மருத்துவச் செலவு, வேலை இழப்பு, சம்பளக் குறைப்பு, உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. முதல் கடனை அடைக்க இரண்டாவது, இரண்டாவதின் வட்டிக்கு மூன்றாவது.

கோப்பின் முதல் நாள்

மாதிரிக் குடும்பம் இது: 2006 ஏப்ரல், டோக்கியோவில் வாடகை வீடு, கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவனின் பெயரில் ஐந்து கடன்கள். மனைவிக்கு மூன்றுதான் தெரியும்.

முதல் சந்திப்பில் வழக்கறிஞர் கேட்பது ஒரு பட்டியல். யாரிடம், எப்போது முதல், எவ்வளவு, மாதம் எவ்வளவு, ஜாமீன் யார், கடைசியாகக் கட்டியது எப்போது. அட்டைகள் எல்லாம் மேசைமேல் வர வேண்டும். அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்பி அனுப்புவது வழக்கம். பாதிக் கோப்புகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மனைவிக்குத் தெரியக்கூடாது என்று ஒரு கடனை மறைப்பார்கள். சொந்தக்காரரிடம் வாங்கியதைக் கடனாகவே நினைக்க மாட்டார்கள். வேலை செய்யும் கம்பெனியின் சம்பள முன்பணத்தைச் சொல்ல மறப்பார்கள். மறைத்த ஒரு கடன், ஆறு மாதம் கழித்து ஒழுங்குபடுத்திய ஐந்தையும் குலைத்துவிடும். திவால் மனுவில் தெரிந்தே பெயரை விட்டால் அந்தக் கடனுக்கு விடுதலையும் கிடைக்காது.

பட்டியல் முடிந்ததும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே நாளில் ஒரு கடிதம் போகும். இதை ‘ஜுனின் சூச்சி’ என்பார்கள். வழக்கை ஏற்றுக்கொண்டதற்கான அறிவிப்பு. ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கடனாளியின் பெயர், பழைய குடும்பப் பெயர் இருந்தால் அதுவும், பிறந்த தேதி, முகவரி. இனி அவரையோ குடும்பத்தையோ நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற ஒரு வரி. முதல் நாளிலிருந்து இன்றுவரையான முழுப் பற்று வரவையும் அனுப்புக என்ற ஒரு வரி. கடைசியில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வரி: இந்தக் கடிதம் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அந்தக் கடைசி வரி விடுபட்டால், காலாவதியாகியிருக்கக்கூடிய பழைய கடனுக்கு மறுபடி உயிர் கொடுத்துவிடும் அபாயம் உண்டு.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு தக்க காரணமில்லாமல் கடனாளியை நேரடியாக வற்புறுத்தக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இரவு 9 மணி முதல் காலை 8 மணி வரை அழைக்கக் கூடாது என்பது ஏற்கெனவே இருந்த விதி. அதுவரை வேலையிடத்துக்குப் போன், அக்கம்பக்கம் கேட்கக் கத்தல், கதவில் ஒட்டிய காகிதம் என்று நடந்ததெல்லாம் சில நாட்களில் அடங்கும். கடன் ஒரு யென் கூடக் குறைந்திருக்காது. ஆனால் அன்று ராத்திரி போன் அடிக்காது. உட்கார்ந்து யோசிக்க ஒரு குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது அந்த அமைதிதான். மற்ற எல்லாப் படிகளையும் விட இந்த ஒரு பக்கக் கடிதமே பலரைக் காப்பாற்றியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

கடிதம் போவதற்கு முன்பே செய்ய வேண்டியவையும் உண்டு. கடன் கொடுத்தது வங்கியாக இருந்தால், கடிதம் கிடைத்த அன்றே அங்குள்ள கணக்கு முடங்கும். இருப்பைக் கடனில் கழித்துக்கொள்வார்கள். சம்பளம் அந்தக் கணக்கில் வருவதாக இருந்தால் வாடகைப் பணமும் போயிற்று. ஆகவே முதலில் சம்பளக் கணக்கை மாற்ற வேண்டும், பிறகுதான் கடிதம். மின்கட்டணமோ போன் கட்டணமோ அட்டையில் கழிந்துகொண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தவணையில் வாங்கிய காரின் உரிமை கம்பெனி பெயரில் இருந்தால் கார் போய்விடும். ஜாமீன்தாரர் இருந்தால், கடிதம் போன மறுநாளே வசூல் அவர் பக்கம் திரும்பும். அவரை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசாதவர்கள் கடனிலிருந்து மீண்டாலும் உறவை இழந்திருக்கிறார்கள்.

மறுகணக்கு

கம்பெனிகள் பற்று வரவை அனுப்ப இழுத்தடிக்கும். சிலர் கடைசிப் பத்து ஆண்டுகளை மட்டும் அனுப்புவார்கள். 2005 ஜூலை 19 அன்று உச்ச நீதிமன்றம், பற்று வரவைக் காட்டுவது கம்பெனியின் கடமை, மறுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு இது குறைந்தது. அப்படியும் தொடக்கப் பக்கங்கள் இல்லாவிட்டால், பழைய வங்கிப் பாஸ்புக், பணம் கட்டிய சீட்டு, நாட்குறிப்பு ஆகியவற்றை வைத்துக் கட்டியெழுப்ப வேண்டும். ரசீது நறுக்குகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்த மனைவிமார்கள் வழக்கறிஞர்களுக்கு வரப்பிரசாதம்.

நம் குடும்பத்தின் முதல் கடன் 2000 ஜூலையில் வாங்கிய 5,00,000 யென், 29.2 சதவீத வட்டி. மாதத் தவணை 13,000. முதல் மாத வட்டி மட்டும் 12,167. அசலில் கழிந்தது 833 யென். ஐந்தே முக்கால் ஆண்டில் 69 தவணை, மொத்தம் 8,97,000 யென் கட்டியாயிற்று. கம்பெனிப் பேரேட்டில் அசல் இன்னும் 3,54,000.

இதையே 18 சதவீதத்தில் போட்டால் முதல் மாத வட்டி 7,500. அசலில் கழிவது 5,500. 57-ஆவது தவணைக்குப் பிறகு மிச்சம் 10,000 யென்னுக்குச் சற்றுக் குறைவு. 58-ஆவது தவணையில் கடன் தீர்ந்து 2,900 யென் அளவுக்கு மிஞ்சுகிறது. அதன் பிறகு கட்டிய 11 தவணைகளும் கட்டத் தேவையே இல்லாதவை, 1,43,000. சேர்த்தால் ஏறத்தாழ 1,46,000 யென் திரும்ப வர வேண்டும். இதற்குப் பெயர் ‘கபராய்கின்’, அதாவது மிகையாகக் கட்டிய பணம். இதற்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டியும் கேட்கலாம். இங்கே மாதக் கணக்காகக் காட்டியிருக்கிறோம். நீதிமன்றத்துக்குப் போகும் தாள் நாள் கணக்கில் இருக்கும், லீப் ஆண்டின் ஒரு நாளையும் விடாமல்.

இரண்டாவது கடன் இரண்டு ஆண்டுப் பழையது: 3,00,000 யென், மாதம் 9,000. கம்பெனிக் கணக்கில் 2,45,000 பாக்கி, மறுகணக்கில் 1,71,000. மூன்றாவது நான்கு மாதமே ஆனது. 1,95,000 என்பது 1,88,000 ஆகிறது, அவ்வளவுதான். கடன் புதிதாக இருந்தால் மறுகணக்கு பெரிதாக உதவாது. நான்காவது கடன் அட்டையில் வாங்கிய சாமான்களின் தவணை, 3,50,000. அது பணக்கடன் அல்ல, சாமானின் விலையை முன்கூட்டிக் கட்டியது. அதற்கு மறுகணக்கே கிடையாது. அதே அட்டையில் ரொக்கமாக எடுத்த பணத்துக்கு உண்டு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடன் முழுவதும் பாதியாகும் என்று நம்பிக்கை கொடுத்துவிட்டு, பிறகு விழிக்கும் ஆலோசகர்கள் இருந்தார்கள்.

ஐந்தாவது, ‘யாமிகின்’. பதிவில்லாத கள்ளக் கடன். பத்து நாளைக்குப் பத்து சதவீதம் என்பது அவர்களுடைய மலிவான விகிதம். பத்து நாளைக்கு 30, 50 என்றும் போகும். 109.5 சதவீதத்தைத் தாண்டிய கடன் ஒப்பந்தம் முழுவதுமே செல்லாது என்று 2003-இல் சட்டம் வந்தது. வாங்கிய அசலைக் கூடத் திருப்ப வேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2008 ஜூனில் உறுதி செய்தது. இவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் பயனில்லை. முகவரியே பொய்யாக இருக்கும். போலீசில் புகார், பணம் போட்ட வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லும் மனு, பிறகு போனில் வழக்கறிஞரே பேசி ஒரு யென்னும் வராது என்று சொல்வது. முதல் இரண்டு மூன்று நாள் அலுவலகப் போன் ஓயாமல் அடிக்கும். அந்த இரண்டு மூன்று நாளைத் தாங்குவதுதான் வேலை. நடுவில் ஒருமுறை பயந்து 10,000 யென் கட்டிவிட்டால், இங்கே பணம் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்; எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஆக, 11,44,000 யென் பாக்கி என்று வந்த குடும்பத்துக்கு உண்மையான கடன் 7,09,000. முதல் கம்பெனியிடமிருந்து வர வேண்டியதைக் கழித்தால், வழக்கறிஞர் கட்டணம் நீங்கலாக, 5,63,000.

எந்த வழி

மறுகணக்குக்கு முன்னால் வழியைத் தீர்மானிக்கக் கூடாது. இது அந்தக் கோப்புகள் கற்றுத்தந்த பாடம். 11 லட்சம் என்று பார்த்துத் திவால் மனு போட்டிருந்தால் இந்தக் குடும்பம் தேவையில்லாத இடத்துக்குப் போயிருக்கும்.

இவர்களுக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமே போதும். டோக்கியோவின் மூன்று வழக்கறிஞர் சங்கங்களும் சேர்ந்து வகுத்த பொது வரையறைப்படி, மறுகணக்கில் வந்த அசல் மட்டும், தாமத அபராதமும் இனிமேல் வட்டியும் இல்லாமல் தவணையில். 36 மாதம் என்று வைத்தால் 7,09,000-க்கு மாதம் 19,700. மிகைப் பணம் வந்து சேர்ந்தால் அதைவிடக் குறைவு. முன்பு கள்ளக் கடன் நீங்கலாகவே 40,000 கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு தவணை தவறினால் முழுத்தொகையும் உடனே என்று எழுதுவது வழக்கம். அதனால் வீட்டு வரவுசெலவில் நிற்கும் தொகையைவிடச் சற்றுக் குறைத்தே பேச வேண்டும். கையை இறுக்கிப்பிடித்து ஒப்புக்கொண்ட தவணை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் உடையும்.

வழக்கறிஞர் வைக்க இயலாதவர்களுக்கு 2000 பிப்ரவரியிலிருந்து எளிய நீதிமன்றத்தில் சிறப்புச் சமரசம் என்ற வழி இருந்தது. கடன் கொடுத்தவர் ஒருவருக்கு முத்திரைக் கட்டணம் 500 யென் என்ற கணக்கு. வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு 2001 ஏப்ரலில் தனிநபர் மீட்பு நடைமுறை வந்தது. வீட்டுக் கடனை அப்படியே கட்டிக்கொண்டு, மற்ற கடன் 60,00,000 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கான 12,00,000-ஐ மூன்று ஆண்டில் கட்டினால் போதும். மாதம் 33,000 சொச்சம். கடன் 50 லட்சத்துக்குள் என்றால் குறைந்தபட்சம் 10 லட்சம். இதற்கு நிலையான வருமானம் வேண்டும், விற்றால் கிடைக்கும் சொத்தின் மதிப்பைவிடக் குறைவாகக் கட்டவும் முடியாது.

திவால் கடைசி வழி. வெட்கப்பட வேண்டிய வழி அல்ல. மாவட்ட நீதிமன்றத்தில் மனு, முத்திரைக் கட்டணம் 1,500 யென். கடன் கொடுத்தவர்களின் பட்டியல், பாஸ்புக் நகல்கள், காப்பீட்டின் சரண்டர் மதிப்பு, இன்று வேலையை விட்டால் கிடைக்கும் ஓய்வுத்தொகைச் சான்று, இரண்டு மாத வீட்டு வரவுசெலவு. பங்கிட எதுவும் இல்லையென்றால் தொடங்கிய அன்றே நடைமுறை முடிக்கப்படும். சொத்தோ விசாரிக்க வேண்டிய விஷயமோ இருந்தால் நிர்வாகி நியமனம். டோக்கியோவில் 1999 முதல் அதற்கான முன்பணம் 2,00,000 யென்னாகக் குறைந்தது. அதற்கு முன்பு இருந்த பெருந்தொகையைக் கட்ட முடியாமல், திவாலாவதற்கும் பணம் இல்லாதவர்கள் இருந்தார்கள். 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய ரொக்கத்தை 2,10,000-லிருந்து 9,90,000 யென்னாக உயர்த்தியது.

விடுதலை கிடைத்தாலும் வரி, பிள்ளை பராமரிப்புத் தொகை, அபராதம் ஆகியவை நிற்கும். ஜாமீன்தாரரின் பொறுப்பும் நிற்கும். சூதாட்டம், கடனில் வாங்கிய பொருளை உடனே மலிவாக விற்றது போன்றவை விடுதலையைத் தடுக்கலாம். ஆனால் நிலைமையைப் பார்த்து நீதிபதி தம் விருப்புரிமையில் விடுவிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சூதாடினேன் என்று முதலிலேயே சொன்னவர்தான் மறைத்தவரைவிட நல்ல நிலையில் இருப்பார். மனுவுக்குச் சற்று முன்பு அண்ணனுக்கு மட்டும் ரகசியமாகக் கடனை அடைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிர்வாகி அண்ணனிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவார்.

ஓட்டுரிமை போய்விடும், குடும்பப் பதிவேட்டில் எழுதுவார்கள், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது என்று பயந்தே மனுப் போடாமல் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டியவர்கள் ஏராளம். ஓட்டுரிமையும் போகாது, பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள். காவலாளி, காப்பீட்டு முகவர் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் உரிமை மீளும் வரை தடை. பெயர் அரசிதழில் வரும். அதைச் சாதாரணமாக யாரும் படிப்பதில்லை. கள்ளக் கடன்காரர்கள் படிப்பார்கள். அந்தப் பெயர்களுக்கு ‘எளிதாகக் கடன்’ என்று தபால் அனுப்புவார்கள். வேறு எங்கும் கடன் கிடைக்காதவர், முன்பு கடன் வாங்கிப் பழகியவர். அவர்களுக்கு வேறென்ன வேண்டும். விடுதலை உத்தரவு கொடுக்கும்போது இந்தத் தபாலைப் பற்றிச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. இரண்டாம் முறை திவால் விடுதலைக்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கோப்புகளிலிருந்து சட்டத்துக்கு

தனிநபர் திவால் மனுக்கள் 2003-இல் 2,42,357. அந்த எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டபோது, ஒவ்வொரு குடும்பமாக மீட்பது ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைப்பது போல என்பது இந்த வேலையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1999-இல் வணிகக் கடன் கம்பெனி ஊழியர் ஒருவர் ஜாமீன்தாரரிடம் சிறுநீரகத்தை விற்றுக் கட்டச் சொன்னதற்காகக் கைதானார். அந்தக் கொதிப்பில்தான் 40.004 என்பது 29.2 ஆனது. சாம்பல் நிலம் சுருங்கியது, மறையவில்லை.

2006 ஜனவரி 13 அன்று அது உடைந்தது. கூடுதல் வட்டியையும் சேர்த்து ஒரு தவணை தவறினால் முழுக்கடனையும் உடனே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஏறத்தாழ எல்லா ஒப்பந்தத்திலும் இருந்தது. அந்தப் பயத்தில் கட்டுவது எப்படித் ‘தன் விருப்பத்தோடு’ கட்டுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 43-ஆம் பிரிவின் பின்வாசல் அன்றே மூடியது. கணவன் மனைவியர் சமையலறை மேசையில் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 1983-இலிருந்து 23 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்த ஆண்டு முழுவதும் உத்சுனோமியா வழக்கறிஞர் சங்கக் கூட்டமைப்பின் வட்டிக் குறைப்பு இயக்கத்தில் முன்னின்றார். கடன்பட்டவர்களின் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், பத்திர எழுத்தர்கள் எல்லாரும் சேர்ந்து 34 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 47 மாகாணங்களில் 43-இன் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டன. மாகாண அவைகளை ஒவ்வொன்றாக அசைத்தது நல்ல வியூகம். ஆளுங்கட்சி உறுப்பினர்களின் சொந்த ஊரிலிருந்தே நெருக்கடி வந்தது. சிறு கடன்களுக்கு மட்டும் உயர்ந்த வட்டியைச் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம் என்ற சமரசத் திட்டம் செப்டம்பரில் வந்தபோது, அமைச்சரவை அலுவலகத்தில் நிதிச் சேவைகளுக்குப் பொறுப்பான நாடாளுமன்றச் செயலராக இருந்த கோத்தோதா மசாசுமி அதை எதிர்த்துப் பதவி விலகினார். கடன் வாங்கியவர்களின் உயிர்மேல் கம்பெனிகள் காப்பீடு எடுத்து வைத்திருந்த செய்தியும் அதே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. விதிவிலக்குத் திட்டம் கைவிடப்பட்டது. டிசம்பர் 13 அன்று சட்டம் நிறைவேறி, 2010 ஜூன் 18 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது: தண்டனை வரம்பு 20 சதவீதம், ஒருவருக்குக் கடன் கம்பெனிகள் தரும் மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்.

அதே 2010-இன் ஏப்ரலில்தான் உத்சுனோமியா வழக்கறிஞர் சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். மறுவாக்குப்பதிவு வரை போன தேர்தல் அது.

வென்ற பிறகு வந்த சிக்கல்

மிகைப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்ததும் ரயில் பெட்டிகளில் விளம்பரங்கள் தொங்கின. சில அலுவலகங்கள் திரும்பப் பணம் வரும் கம்பெனியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சக் கடனை அப்படியே விட்டன. நம் குடும்பத்தில் முதல் கடனுக்கான 1,46,000-ஐ மட்டும் வாங்கிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மற்ற நான்கையும் திரும்பிப் பார்க்காமல் அனுப்புவது போல. கட்சிக்காரரின் முகத்தையே பார்க்காமல் தபாலில் முடித்த கோப்புகளும் உண்டு. முகத்தைப் பார்க்காதவருக்கு மறைத்த கடன் எப்படித் தெரியும், வீட்டில் எத்தனை நாளாக அரிசி இல்லை என்பது எப்படித் தெரியும்? இது அந்த முப்பதாண்டு உழைப்புக்குச் செய்த துரோகம்.

உத்சுனோமியா தலைவராக இருந்தபோது 2011-இல் கூட்டமைப்பு இதற்கு விதி செய்தது. வழக்கறிஞரே கட்சிக்காரரை நேரில் சந்திக்க வேண்டும். மற்ற கடன்கள் இருக்கும்போது மிகைப் பணத்தை மட்டும் எடுத்துச் செய்யக் கூடாது. மிகைப் பணத்தில் வெற்றிக் கட்டணம் 20 சதவீதத்துக்குள், வழக்குப் போட்டு வாங்கினால் 25-க்குள்.

கம்பெனிகளும் சரிந்தன. ஒருகாலத்தில் துறையின் முதலிடத்தில் இருந்த தக்கேஃபுஜி 2010 செப்டம்பரில் மறுசீரமைப்புக்கு மனுப் போட்டது. மிகைப் பணம் கேட்டவர்களுக்கு முதல் சுற்றில் கிடைத்தது 3.3 சதவீதம். 1,46,000-க்கு 4,800 யென். மறுகணக்கு முடிந்தவுடன் கேட்காமல் தள்ளிப்போட்டவர்கள் இழந்தது மிச்சம் எல்லாம். கடைசித் தவணை கட்டிப் பத்து ஆண்டு வரை கேட்கலாம் என்ற காலவரம்பை நம்பி இருந்தவர்களுக்கு, கம்பெனியின் ஆயுள் அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

தனிநபர் திவால்கள் 2015-இல் ஏறத்தாழ 64,000-க்கு இறங்கின. 2016-இல், 13 ஆண்டுகளில் முதல் முறையாக, சற்றே ஏறின. மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு வங்கிகளுக்குப் பொருந்தாது. வங்கிகளின் அட்டைக் கடன் அந்த இடைவெளியில் வளர்ந்திருந்தது. அவை 15 சதவீதத்தையொட்டியே இருப்பதால் மறுகணக்குக்கு இடமில்லை. பழைய ஆயுதம் அங்கே வேலை செய்யாது.

நம் மாதிரிக் குடும்பத்தின் 36-ஆவது தவணை 2009-இல் முடியும். அந்த மாதம் செய்ய வேண்டிய வேலை இன்னும் மூன்று. மூன்று கம்பெனிகளிடமிருந்தும் பாக்கி இல்லை என்ற சான்றும் மூல ஒப்பந்தமும் திரும்ப வாங்குவது. கடன் தகவல் மையத்தில் தன் பெயருக்கான பதிவைக் கேட்டு வாங்கி, முடிந்த கடன் முடிந்ததாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. மாதம் 19,700 யென் கட்டிப் பழகிய கையை நிறுத்தாமல், அதே தேதியில் அதே தொகையைத் தபால் அலுவலகச் சேமிப்பில் போடத் தொடங்குவது.